சொந்த வண்டியில் டீலர் சாஃப்ட்வேர்: எந்த கேபிள், எதுவரைக்கும் கை வைக்கலாம்?

பின்_பதினாறு:

வணக்கம். வண்டி இரண்டு: 2014 ஃபோர்டு ஃபோகஸ் டீசல், 2012 ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டீசல். கையில் இருப்பது நீல நிற ப்ளூடூத் இஎல்எம்327 (வண்டியின் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் அடாப்டர்) ஒன்று, விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று.

ஃபோகஸில் ஃபோர்ஸ்கேன் (ஃபோர்டு வண்டிகளைப் படிக்கும் சாஃப்ட்வேர்) போட்டால் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் வருகிறது. டிரைவர் கதவு மாட்யூல் (அந்தப் பகுதிக்கான சிறு கம்ப்யூட்டர்), ஏசி, பார்க்கிங் சென்சார் இவை பட்டியலிலேயே இல்லை. கேபிள் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறா?

ஆக்டேவியாவில் ஒரு இன்ஜெக்டர் மாற்றியாயிற்று, அதன் கோடை இசியுவில், அதாவது இன்ஜின் மாட்யூலில், ஏற்ற வேண்டும். அப்படியே பிரேக் ஆயிலும் மாற்றுவதாக இருக்கிறேன். அதற்கு ஏபிஎஸ் பம்ப்பை சாஃப்ட்வேர் வழியாக ஓட்டியே ஆக வேண்டுமா?

கடைசியாக, ஆக்டேவியாவுக்கு விசிடிஎஸ் (ராஸ்-டெக் கம்பெனியின் சாஃப்ட்வேர்) போதுமா, டீலர்கள் வைத்திருக்கும் ஓடிஸ் தேவையா? எதைத் தொட்டால் மாட்யூல் செத்துப்போகும் என்பதுதான் பெரிய பயம்.

மல்டிமீட்டர்:

முதல் கேள்விக்குப் பதில் உங்க சாக்கெட்டுக்குள்ளேயே இருக்கு. 16 பின்ல 4-ம் 5-ம் எர்த். 16 நேரா பேட்டரி பிளஸ், சாவி எடுத்தாலும் அதுல கரண்ட் இருக்கும். 6-ம் 14-ம் ஹை ஸ்பீடு கேன், அதாவது மாட்யூல்கள் பேசிக்கிற கம்பி ஜோடி. 7 கே லைன், பழைய வண்டிக்கான ஒத்தைப் பேச்சுக் கம்பி. இதெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொது. மிச்சம் இருக்கிற பல பின்களைக் கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். ஃபோர்டு 3-லயும் 11-லயும் இன்னொரு கேன் ஓட்டுறான், அதுக்கு எம்எஸ் கேன்னு பேர். 6-14 ஜோடி 500 கிலோபிட் வேகம், இது 125. நீங்க காணோம்னு சொல்ற கதவு, ஏசி, பார்க்கிங் மூணும் அந்த மெதுவான ஜோடியிலதான் தொங்குது. உங்க நீல டப்பாவைத் திறந்து பார்த்தா 3-க்கும் 11-க்கும் கம்பியே சால்டர் பண்ணியிருக்காது. கம்பி இல்லாத இடத்துல சாஃப்ட்வேர் என்ன பண்ணும்?

வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, சுவிட்ச் வச்ச இஎல்எம். ஃபோர்ஸ்கேன் திரையில "இப்ப மாத்து"ன்னு கேக்கிறப்ப மட்டும் தட்டணும். நடுவுல தட்டினா 125-ல ஓடுற கம்பியில 500-ல கத்துற மாதிரி ஆகி, அந்தக் கம்பி ஜோடி முழுக்க எரர் ஃப்ரேம் (தப்புன்னு சொல்ற செய்தி) கொட்டும், டேஷ்போர்டுல தீபாவளிதான். ரெண்டாவது, ஓபிடிலிங்க் இஎக்ஸ் மாதிரி யுஎஸ்பி கேபிள், ஜோடியைத் தானே மாத்திக்கும். படிக்க மட்டும்னா முதல்ல சொன்னது போதும். எழுதுற எண்ணம் இருந்தா ரெண்டாவதுதான், அதுல பேரமே கிடையாது.

டப்பா மேல வி1.5-னு அச்சடிச்சிருந்தா அது நகல்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். எல்ம் எலக்ட்ரானிக்ஸ் அந்த நம்பர்ல சிப்பே விட்டதில்லை. அவங்க 1.0 பதிப்புக்குக் காப்பித் தடுப்பு போடாம விட்டாங்க, அதுலேர்ந்து கிளம்பின வம்சம் இது. இன்ஜின் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் மாதிரி சின்னக் கேள்விக்கு ஒழுங்காத்தான் பதில் வாங்கும். சிக்கல் நீளமான பதில்ல. சாதாரண கேன் ஃப்ரேம் ஒண்ணுக்கு 8 பைட்தான் இடம். அதுக்கு மேல போனா மாட்யூல் முதல் துண்டை மட்டும் அனுப்பிட்டுக் காத்திருக்கும். கேபிள் பக்கமிருந்து ஃப்ளோ கன்ட்ரோல் ஃப்ரேம் போனாத்தான் மிச்சத் துண்டு வரும். நகல் சிப் இங்கதான் தடுமாறும், நடுவுல ஒரு துண்டு விழும். கோடிங்கை (மாட்யூலோட அமைப்பு மதிப்புகளை) படிக்கிறப்ப அப்படி விழுந்து, அதையே பேக்கப்னு சேமிச்சு வச்சா, பின்னாடி அதை எடுத்து எழுதுறப்ப கதை முடிஞ்சது.

கேபிள் வாங்குறதுக்கு முன்னாடி மீட்டரை வச்சு ஒரு தடவை பாத்துடுங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, பத்து நிமிஷம் விட்டு, 6-க்கும் 14-க்கும் நடுவுல ஓம்ஸ் அளக்கணும். 60-க்குப் பக்கத்துல வந்தா நல்லது, ரெண்டு முனையிலயும் இருக்கிற 120 ஓம் ரெசிஸ்டர் பேரலல்ல சேர்ந்த கணக்கு அது. 120 வந்தா ஒரு முனை அறுந்திருக்கு. 40 வந்தா வேண்டாத மூணாவது 120 எங்கேயோ தொங்குது: அலாரம், டிராக்கர் மாதிரி வெளியில போட்ட சாமானை முதல்ல கழட்டிப் பாருங்க. 0 வந்தா ஷார்ட். இதே அளவை 3-11-லயும் எடுங்க. அப்புறம் பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, எர்த்துக்கும் 6-க்கும் அளந்தா 2.5-க்குக் கொஞ்சம் மேல, 14-ல 2.5-க்குக் கொஞ்சம் கீழ காட்டணும். ஆக்டேவியாவுல நடுவுல கேட்வே (சாக்கெட்டுக்கும் மத்த மாட்யூல்களுக்கும் இடையில நிக்கிற மாட்யூல்) உட்கார்ந்திருக்கு, அதனால அங்க இந்த அளவு சாக்கெட்டுலேர்ந்து கேட்வே வரைக்குமான கம்பியைப் பத்தி மட்டும்தான் சொல்லும்.

ஹெக்ஸ்நோட்டு:

மல்டிமீட்டர் கம்பியைச் சொல்லிவிட்டார். கம்பிக்கு மேலே நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்துக்கு விடை அங்கேதான்.

மாட்யூலிடம் கேட்கக்கூடிய வேலைகள் எல்லாமே ஒரே அளவு ஆபத்து இல்லை. எரர் கோடும் லைவ் டேட்டாவும் படிப்பது ஒன்றும் செய்யாது. கோடை அழிப்பதில் மாட்யூலுக்கு ஆபத்து இல்லை, தகவல்தான் போய்விடும்: அந்தக் கோடு விழுந்தபோது இருந்த வேகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். படம் பிடித்துவிட்டு அழியுங்கள். அடுத்தது ரொட்டீன்: ஏபிஎஸ் பம்ப் ஓட்டுவது, டிபிஎஃப்பை (டீசல் புகைக்கரி வடிகட்டியை) எரித்துச் சுத்தம் செய்வது, பின்பக்க எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கைத் திறப்பது. இங்கே ஆபத்து எலக்ட்ரானிக்ஸுக்கு அல்ல, இயந்திரத்துக்கும் கைக்கும். டிபிஎஃப் எரியும்போது சைலன்சர் பக்கம் 600 டிகிரி வரைக்கும் போகும்; காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்திவிட்டு பட்டனை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல்தான் கோடிங், அடாப்டேஷன் என்கிற எழுதும் வேலைகள். உச்சியில் ஃப்ளாஷ், அதாவது மாட்யூலின் நிரலையே அழித்துப் புதிதாக எழுதுவது. மாட்யூல் செத்துப்போன கதைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி ஒன்றில் நடப்பவை. நீங்கள் கேட்ட எந்த வேலைக்கும் ஃப்ளாஷ் தேவையே இல்லை.

எழுதும் வேலையில் நடப்பது பெரும்பாலும் சாவு அல்ல, குளறுபடி. ஆக்டேவியாவின் லாங் கோடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரிசையாகப் பைட்டுகள், ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட். ஒரு பைட் 25 என்று இருக்கிறது. ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 25 என்பது 0010 0101. வலதுபக்கம் பிட் 0-இலிருந்து எண்ண வேண்டும். பிட் 1-ஐ மட்டும் போட்டால் 0010 0111, அதாவது 27. இணையத்தில் "அந்தப் பைட்டை 27 ஆக்கு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் தப்பு. உங்கள் வண்டியில் அந்தப் பைட் 65 ஆக இருந்தால் அது 67 ஆக வேண்டும். 27 எழுதினால் பிட் 6-இல் இருந்த வேறு ஏதோ வசதி காணாமல் போகும். பைட்டின் மதிப்பைப் பார்க்காதீர்கள், பிட்டைப் பாருங்கள்.

ஃபோர்டில் இதற்கு இணையானது ஆஸ் பில்ட் வரிகள், அதாவது தொழிற்சாலையில் வைத்த கோடிங். மாதிரிக்கு ஒரு வரி:

726-01-01 4000 0001 0070

கடைசி இரண்டு இலக்கம் 70, அது செக்சம், அதாவது சரிபார்க்கும் கூட்டுத்தொகை. மாட்யூல் முகவரி 07, 26, பிளாக் 01, வரி 01, பிறகு டேட்டா பைட்டுகள் 40, 00, 00, 01, 00. எல்லாவற்றையும் ஹெக்ஸில் கூட்டினால் 70. டேட்டாவில் அந்த 01-ஐ 03 ஆக மாற்றினால் கடைசி பைட் 72 ஆக வேண்டும். ஃபோர்ஸ்கேன் இதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனாலும் எங்கிருந்தோ எடுத்த வரியை ஒட்டும்போது செக்சம் பொருந்தவில்லை என்றால், ஒட்டியதில் ஒரு எழுத்து தவறியிருக்கிறது என்று பொருள். அந்த எச்சரிக்கையை "சரி" தட்டிக் கடக்க வேண்டாம்.

மாட்யூல் மறுத்தால் ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். 22 என்றால் நிபந்தனை சரியில்லை: இன்ஜின் ஓடக்கூடாது, அல்லது ஓட வேண்டும், கதவு திறந்திருக்கிறது, வோல்டேஜ் குறைவு, இப்படி. 31 என்றால் நீங்கள் கேட்டது அந்த மாட்யூலில் இல்லை, அல்லது மதிப்பு எல்லைக்கு வெளியே. 33 என்றால் பாதுகாப்பு அனுமதி வாங்கவில்லை. 36 வந்தால் தவறான முயற்சி அளவுக்கு மீறிவிட்டது. 37 வந்தால் காத்திருப்பு நேரம் இன்னும் முடியவில்லை. இந்த இரண்டும் வரும்போது சாவியைப் போட்டபடி சும்மா விட்டுவிட வேண்டும், திரும்பத் திரும்ப முயன்றால் சில மாட்யூலில் நேரம் கூடும். 78 மட்டும் மறுப்பு வடிவில் வரும் சம்மதம்: "பொறு, செய்துகொண்டிருக்கிறேன்". லாகில் 78 வரிசையாக ஓடுவதைப் பார்த்துப் பயந்து கேபிளைப் பிடுங்குவதை விடப் பெரிய தவறு இல்லை.

விசிடிஎஸ், ஓடிஸ் கேள்விக்கு: 2012 ஆக்டேவியாவுக்கு ராஸ்-டெக் கேபிளுடன் விசிடிஎஸ் தாராளம். ஓடிஸ் வேண்டியிருப்பது இரண்டு இடத்தில்தான்: ஃப்ளாஷ், பிறகு இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), காம்போனென்ட் ப்ரொடெக்‌ஷன் (வேறு வண்டியில் இருந்து எடுத்த பாகத்தை ஓடவிடாத பூட்டு) மாதிரி கம்பெனி சர்வரோடு பேசியே ஆக வேண்டிய வேலைகள். பின்னதற்கு சாஃப்ட்வேர் மட்டும் இருந்து பயனில்லை, அனுமதி பெற்ற கணக்கு வேண்டும். ஓடிஸின் இன்ஜினியரிங் பதிப்பு ஒன்று உலவுகிறது. அதில் தடுப்புக் கம்பியே கிடையாது, எந்த மதிப்பையும் "எழுதட்டுமா" என்று கூடக் கேட்காமல் எழுதும். உடைத்த பதிப்புகளோடு வரும் வைரஸ் தனிக் கதை. நகல் விசிடிஎஸ் கேபிள் வைத்திருப்பவர்கள் அசல் சாஃப்ட்வேரை அப்டேட் செய்த நாளில் கேபிள் முடங்கும், அதோடு உங்கள் பேக்கப்பைத் திரும்ப ஏற்ற வழியில்லாமல் நிற்பீர்கள்.

பின்_பதினாறு:

ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன்: ஃபோகஸில் 6-14 இடையே 60.3, 3-11 இடையே 60.1. கம்பி சரி, அப்படியானால் டப்பாதான் காரணம்.

இன்னும் மூன்று சந்தேகம். இன்ஜெக்டர் கோடு ஏற்றும் முறை, பிரேக் விஷயம், பிறகு பவர் சப்ளை. வீட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் போதுமா? விண்டோஸ் 11-இலேயே ஓட்டலாமா, விர்ச்சுவல் மெஷினில் (விண்டோஸுக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) பழைய விண்டோஸ் போட வேண்டுமா?

கரிப்புகை:

இன்ஜெக்டர்ல ஆரம்பிப்போம். போஷ் இன்ஜெக்டர்னா தலையில 7 எழுத்தும் எண்ணும் கலந்த கோடு இருக்கும். டெல்ஃபி சி2ஐ வகைன்னா 16. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தொழிற்சாலையில சோதிக்கிறப்ப எவ்வளவு கூடவோ குறையவோ டீசல் விடுதுங்கிற திருத்தக் கணக்குதான் அந்தக் கோடு. மாட்டினப்புறம் ரிட்டர்ன் பைப்பும் கவரும் மறைச்சிடும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்திருக்கணும். எடுக்கலைன்னா கண்ணாடி வச்சுப் பாருங்க, துடைக்கிறப்ப ஒயர் பிரஷ் மட்டும் போடாதீங்க, எழுத்து அழிஞ்சிடும்.

விசிடிஎஸ்ல இன்ஜின் மாட்யூலுக்குள்ள போங்க. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி நாலு சிலிண்டருக்கும் இப்ப இருக்கிற கோடைப் படிச்சு எழுதிக்கோங்க. செக்யூரிட்டி ஆக்சஸ் பட்டன்ல வேண்டிய எண் பெரும்பாலும் திரையிலயே குறிப்பா வரும், அதைக் கொடுங்க. அடாப்டேஷன்ல அந்த சிலிண்டருக்கான சேனலைத் தேர்ந்தெடுத்து, புதுக் கோடை அடிச்சு, சேமிச்சு, உடனே திரும்பப் படிச்சுப் பாருங்க. சாவியை எடுத்து ஒரு நிமிஷம் விட்டுட்டு மறுபடி படிங்க. அப்பவும் அதே கோடு நின்னா ஏறிடுச்சு.

தப்பு நடக்கிறது சிலிண்டர் எண்ணுல. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துல 1-வது சிலிண்டர் டைமிங் பெல்ட் பக்கம். பெஜோ, சிட்ரோயன்ல ஃப்ளைவீல் பக்கம். ஒண்ணுல பழகின கை இன்னொண்ணுல மாத்திப் போட்டுடும். இன்னொரு தப்பு, 1-3-4-2-னு ஃபயரிங் ஆர்டர்ல கோடை அடிக்கிறது. சேனல் இன்ஜினோட இடவரிசையிலயா, ஃபயரிங் வரிசையிலயாங்கிறதை அந்த வண்டியோட மேனுவல்ல பாத்துட்டு அடிங்க. மாறிப்போனா வண்டி நிக்காது, ஆனா ஐட்லிங்ல லேசா ஆடும், ஒரு சிலிண்டர்ல மட்டும் டக்டக்னு சத்தம் வரும். இன்ஜின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு திருத்தம் கொடுக்குதுன்னு லைவ் டேட்டாவுல பாருங்க. நாலும் 0-க்குப் பக்கத்துல கூட்டல் கழித்தலா இருந்தா சரி. ஒண்ணு மட்டும் தனியா ஓடிப்போயிருந்தா கோடையும் பாருங்க, அந்த இன்ஜெக்டர்லேர்ந்து திரும்பிப் போற டீசல் அளவையும் பாருங்க.

பிரேக்: வெறும் ஆயில் மாத்துறதுக்கு ஏபிஎஸ் பம்ப்பை ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஏபிஎஸ் யூனிட்டையே கழட்டினாலோ, பிரேக் ஆயில் டப்பா காலியாகி காத்து உள்ளே போயிட்டாலோதான் அது. டப்பாவைக் காலியாக விடாம நாலு சக்கரத்துலயும் சுத்தமான ஆயில் வர வரைக்கும் எடுத்தா வேலை முடிஞ்சது. காத்து போயிட்டா, முதல்ல கையால ஒரு சுத்து எடுத்துட்டு, அப்புறம் பிரஷர் ப்ளீடரை 1.5-லேர்ந்து 2 பாருக்குள்ள வச்சு, சாஃப்ட்வேர் சொல்ற வரிசையில நிப்பிளைத் திறந்து பம்ப்பை ஓட்டணும். பம்ப் மோட்டார் தொடர்ந்து ஓடுறதுக்காகப் பண்ணினது இல்லை, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல ஆறவிடுங்க. முடிச்சதும் மறுபடி கையால ஒரு சுத்து. பம்ப்புக்குள்ள இருந்த குமிழி அப்பத்தான் வெளியில வரும். இந்த நேரத்துல டப்பா காலியானா மறுபடி முதல்லேர்ந்து.

எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற வண்டிக்காரங்க யாராவது படிச்சா அவங்களுக்கு: சர்வீஸ் மோடுல போட்டு மோட்டார் முழுக்கப் பின்வாங்கின பிறகுதான் பிஸ்டனை அமுக்கணும். அதுக்கு முன்னாடி கிளாம்ப் போட்டு அழுத்தினா உள்ளே இருக்கிற ஸ்க்ரூ போயிடும், காலிப்பரே மாத்த வேண்டி வரும்.

பதிமூன்றரை_வோல்ட்:

6 ஆம்பியர் சார்ஜர் போதாது. அதைவிட முக்கியம், சார்ஜர் வேறு, பவர் சப்ளை வேறு. சார்ஜர் பேட்டரியைப் பார்த்துத் தன் வோல்டேஜை ஏற்றி இறக்கும். சில சார்ஜர் பல்ஸ் அடிக்கும், சிலது 14.8-க்கு மேல் போகும், சிலது பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் நின்றுவிடும். மாட்யூலுக்குள் எழுதும்போது வேண்டியது அசையாத 13.5 வோல்ட், அவ்வளவுதான்.

இன்ஜின் நிறுத்தி இக்னிஷன் மட்டும் போட்டிருந்தாலே 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். நடுவில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் கிளம்பினால் அதுவே இன்னும் அதற்கு மேல். இன்ஜின் மாட்யூலோடு பேச்சு அறுந்தால் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவது பல வண்டிகளின் பழக்கம், ஃப்ளாஷ் செய்யும்போது அந்தப் பேச்சு கட்டாயம் அறும். ஆகவே ஃப்ளாஷ் என்றால் 50 ஆம்பியருக்குக் குறையாத பவர் சப்ளை. கோடிங்குக்கும் இன்ஜெக்டருக்கும் அவ்வளவு வேண்டாம். எழுதுவது சில நொடிதான். நல்ல பேட்டரி, இக்னிஷன் போட்ட பிறகும் 12.3-க்குக் குறையாத வோல்டேஜ், ஹெட்லைட் ஆட்டோவில் இல்லை, ஏசி ப்ளோயர் நிறுத்தம், கதவு மூடியது. இதுவே போதும். பவர் சப்ளை இல்லை என்றால் இன்னொரு நல்ல பேட்டரியை ஜம்பர் ஒயரால் பேரலலில் சேருங்கள். பக்கத்தில் இன்னொரு வண்டியை ஓடவிட்டு அதிலிருந்து இழுக்க வேண்டாம், அதன் ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கம் முழுவதும் உங்கள் மாட்யூலுக்கு வரும்.

கருப்பு கிளிப்பை பேட்டரி நெகட்டிவ் முனையில் போடாமல் பாடி எர்த்தில் போடுங்கள். நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் இருக்கிற வண்டிகளில், அதைத் தாண்டிப் போடும் கரண்ட் கணக்கில் வராது.

லேப்டாப் பக்கம்: ஸ்லீப், ஹைபர்னேட், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் மூன்றையும் அணையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். லேப்டாப் பேட்டரியை நிறைத்துக்கொண்டு சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். வண்டி பக்கம் ஒரு மெயின்ஸ் சப்ளை, லேப்டாப் பக்கம் ஒன்று என்று இரண்டு எர்த் சேர்ந்தால், தனிமைப்படுத்தாத கேபிளில் யுஎஸ்பி அடிக்கடி துண்டித்துத் துண்டித்து வரும். ப்ளூடூத், வைஃபை எழுதுவதற்கு ஆகாது. லிங்க் 5 நொடி அறுந்தாலே மாட்யூல் தன் சாதாரண நிலைக்குத் திரும்பிவிடும், ஓடிக்கொண்டிருந்த ரொட்டீன் நடுவில் நின்றுவிடும்.

விண்டோஸ் 11-இல் ஃபோர்ஸ்கேன், விசிடிஎஸ் இரண்டும் நேரடியாக ஓடும். விர்ச்சுவல் மெஷின் வேண்டாம்.

ஹெக்ஸ்நோட்டு:

விர்ச்சுவல் மெஷினை இப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. ஜே2534 (பல கம்பெனி சாஃப்ட்வேருக்கும் பொதுவான தரம்) கேபிள் என்றால் நேரக் கணக்கு முழுவதும் கேபிளுக்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்ளும். லேப்டாப் "இதை அனுப்பு" என்று மட்டும் சொல்லும். அங்கே மெஷினுக்குள் போட்டால் தாராளமாகப் படிக்கலாம். டொயோட்டா டெக்ஸ்ட்ரீம் மாதிரி பழைய 32 பிட் டிரைவர் கேட்கும் சாஃப்ட்வேர்களுக்கு அது வசதியும் கூட. பிஎம்டபிள்யூ கே டிகேன் மாதிரி, லேப்டாப்பே பைட் பைட்டாக நேரம் பார்த்து அனுப்பும் கேபிளில்தான் மெஷின் கெடுக்கும்.

பதிமூன்றரை_வோல்ட்:

படிக்க மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளாஷ் என்றால் ஜே2534 ஆனாலும் மாட்டேன்: மெஷினுக்கு வெளியே இருக்கும் விண்டோஸ் யுஎஸ்பியைப் பிடுங்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது.

ஹெக்ஸ்நோட்டு:

அதில் மறுப்பு இல்லை.

64 பிட் விண்டோஸில் ஜே2534 கேபிள் "காணவில்லை" என்று வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்று. சாஃப்ட்வேர் 32 பிட், அது பாஸ்த்ருசப்போர்ட்.04.04 என்ற ரெஜிஸ்ட்ரி கீயை 32 பிட் கிளையில் தேடும், டிரைவர் அதை 64 பிட் கிளையில் எழுதி வைத்திருக்கும். கீயை அந்தக் கிளைக்கு நகலெடுத்து, ஃபங்ஷன்லைப்ரரி என்ற மதிப்பு காட்டும் டிஎல்எல் கோப்பு உண்மையில் அந்த ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

எஃப்டிடிஐ சிப் (யுஎஸ்பியைக் காம் போர்ட்டாகக் காட்டுவது) உள்ள கேபிளில் இன்னொன்று: டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, லேட்டன்ஸி டைமர். 16 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். 16 மில்லி நொடி தாமதத்தில் கே லைன் மாட்யூல்கள் பாதியில் பேச்சை விட்டுவிடும். போலி எஃப்டிடிஐ சிப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் போலி சிப்களின் அடையாள எண்ணை 0 ஆக்கிவிட்டது, மாட்டியிருந்த கேபிள்கள் ஒரே இரவில் ஊமையாயின. டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் "நேற்று வரை வேலை செய்தது" என்று கேட்பவர்களிடம் இன்னும் முதலில் கேட்பது, சிப் அசலா என்பதுதான்.

பின்_பதினாறு:

கடைசியாக ஒன்று. ஃப்ளாஷ் செய்யப் போவதில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். நடுவில் அறுந்தால் மாட்யூல் போயே போய்விட்டது என்றுதான் அர்த்தமா? இதே கேபிள்கள் புது வண்டிகளுக்கும் ஆகுமா?

பதிமூன்றரை_வோல்ட்:

பெரும்பாலும் இல்லை. மாட்யூலில் பூட்லோடர் என்று ஒரு சிறு பகுதி அழியாமல் இருக்கும், அதற்கு மேலே இருக்கும் நிரல்தான் அழிந்து எழுதப்படுகிறது. பாதியில் நின்றால் மாட்யூல் பூட்லோடரிலேயே காத்திருக்கும். அப்போது சாவியை எடுக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள், வேறு கோப்பு எடுக்காதீர்கள். வோல்டேஜைச் சரிசெய்து, அதே கோப்பை அதே சாஃப்ட்வேரில் மறுபடி ஆரம்பியுங்கள். பயந்துபோய் பேட்டரியைக் கழற்றுகிறவர்களுக்குத்தான் பிறகு மாட்யூலை மேசையில் வைத்துத் திறக்க வேண்டி வருகிறது.

மல்டிமீட்டர்:

புது வண்டிக்கு ரெண்டு விஷயம் குறுக்கே நிக்கும். முதலாவது கம்பி. பல புது வண்டிகள்ல சாக்கெட் வழியாவே ஈதர்நெட் ஓடுது. பிஎம்டபிள்யூவுல 3, 11, 12, 13 ஈதர்நெட்டுக்கு, 8-ம் பின் அதை எழுப்ப. ஈநெட் கேபிள்னு விக்கிறது உள்ளே வெறும் கம்பியும், 8-க்கும் 16-க்கும் நடுவுல ஒரு 510 ஓம் ரெசிஸ்டரும்தான். அந்த ரெசிஸ்டர் விட்டுப்போன கேபிள்ல லேப்டாப் முகவரியே வாங்காது, ஆள் சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருப்பார். ஃபோர்டு 3-11-ல கேன் ஓட்டுறதும் பிஎம்டபிள்யூ அதே பின்ல ஈதர்நெட் ஓட்டுறதும் ஞாபகம் இருக்கட்டும், ஒரு வண்டி கேபிளை இன்னொண்ணுல மாட்டிப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

ரெண்டாவது பூட்டு. 2018 வாக்கிலேர்ந்து ஃபியட் கிறைஸ்லர் வண்டிகள்ல செக்யூரிட்டி கேட்வே வந்தாச்சு. கோடு படிக்க விடும், அழிக்கவோ ரொட்டீன் ஓட்டவோ விடாது, பதிவு பண்ணின கணக்கு கேக்கும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துல கோல்ஃப் 8 தலைமுறைலேர்ந்து எஸ்எஃப்டின்னு ஒரு பூட்டு. அதுல கோடிங் மாத்தணும்னா கம்பெனி சர்வர் கொடுக்கிற டோக்கன் வேணும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். இதுக்கெல்லாம் கம்பெனிகள் சொந்த சாஃப்ட்வேரையே நாள் கணக்கில் வாடகைக்கு விடுறாங்க. வருஷத்துக்கு ரெண்டு வேலைக்குன்னா அதுவே லாபம்.

உங்க 2014-க்கும் 2012-க்கும் இந்த ரெண்டும் கிடையாது. கேபிள் வந்ததும் முதல் வேலை, எதையும் தொடாம எல்லா மாட்யூலையும் முழு ஸ்கேன் எடுத்து, கோடிங்கோட சேமிச்சு, லேப்டாப்புக்கு வெளியிலயும் ஒரு பிரதி வைங்க. ஸ்கேனை ரெண்டு தடவை எடுத்து ரெண்டு கோப்பையும் ஒப்பிட்டுப் பாருங்க. கோடிங் வரி ஒண்ணு வித்தியாசம் வந்தாலும் அந்தக் கேபிளை எழுதப் பயன்படுத்தாதீங்க.